எக், ரம், மக், கன்னா... இது மெனு கார்டு இல்லை பாஸ்! நாலு தீவும் ஒரு பாரிஷும்

'எக்', 'ரம்', 'மக்', 'கன்னா'. இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏதாவது ஹோட்டல் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால், இந்த நாலும் தீவுகளின் பெயர்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், ஸ்கை என்கிற பெரிய தீவுக்குத் தெற்கே, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நாலையும் சேர்த்து 'ஸ்மால் ஐல்ஸ்' என்கிறார்கள். தமிழில் சொன்னால் குட்டித் தீவுகள். இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பாரிஷ்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த பாரிஷின் மொத்த மக்கள்தொகை எவ்வளவு தெரியுமா? எக்கில் 83, மக்கில் 27, ரம்மில் 22, கன்னாவில் 12, கன்னாவை ஒட்டிய சாண்டே என்கிற துண்டுத் தீவில் 9. கூட்டினால் 153. நம்ம ஊர் அப்பார்ட்மென்ட் ஒன்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பாங்க.

ஆனால், இந்த 153 பேருக்குப் பின்னால் எரிமலை இருக்கு, படுகொலை இருக்கு, ஆடுகளுக்காகத் துரத்தப்பட்ட ஊர்கள் இருக்கு. கடைசியில், தாங்கள் குடியிருந்த தீவையே விலைக்கு வாங்கிய குடித்தனக்காரர்களும் இருக்காங்க. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், பாரிஷ்னா என்ன?

நம்ம ஊரில் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ-யில் 'சேகரம்' என்பார்கள். ஒரு கோயில், ஒரு போதகர், அவர் கவனிப்பில் சில ஊர்கள். ஸ்காட்லாந்தில் பாரிஷ் என்பது அதைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம். பிறப்பு, திருமணப் பதிவேடு, பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு உதவி எல்லாமே ஒரு காலத்தில் பாரிஷ் கணக்கில்தான் நடந்தன. கிட்டத்தட்ட நம்ம வருவாய் கிராமம், பஞ்சாயத்து, பங்கு மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கிய மாதிரி.

1726 வரை இந்தத் தீவுகள் ஸ்கை தீவின் ஸ்லீட் பாரிஷோடு இருந்தன. அந்த வருஷம்தான் தனி பாரிஷ் ஆனது. கோயிலும் போதகர் வீடும் எக் தீவில். மற்ற தீவுகளுக்கு அவர் படகில்தான் போகணும். குளிர்காலத்தில் அட்லான்டிக் பக்கத்துக் கடல் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வாரக்கணக்கில் போக முடியாத நிலை சாதாரணம்.

இன்னொரு காமெடியும் உண்டு. பாரிஷ் ஒன்றுதான். ஆனால், எக் தீவு இன்வர்னஸ் மாவட்டத்தில் இருந்தது. ரம், மக், கன்னா மூன்றும் ஆர்கைல் மாவட்டத்தில் இருந்தன. 1891-ல்தான் எல்லாவற்றையும் இன்வர்னஸுக்கே மாற்றினார்கள்.

எரிமலை போட்ட கோலம்

சுமார் 6 கோடி வருஷங்களுக்கு முன், ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் பிரியத் தொடங்கியபோது இந்தப் பகுதி முழுக்க எரிமலைகள் குமுறின. அதில் ஒரு எரிமலையின் அடிவேர்தான் இன்றைய ரம் தீவு. மேல் பகுதி எல்லாம் மழையும் பனிப்பாறையும் அரித்துப்போக, உள்ளே இருந்த கடினமான பாறை மலைகளாக நிற்கிறது. உயரமான சிகரம் ஆஸ்கிவல், 812 மீட்டர். தீவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். நாலில் பெரியது இதுதான்.

எக் தீவைப் படத்தில் பார்த்தாலே அடையாளம் தெரியும். தீவின் நடுவில் 'அன் ஸ்கூர்' என்று ஒரு பாறை, 393 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும். தூரத்தில் கப்பலில் இருந்து பார்த்தால் ஏதோ சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி இருக்கும். எரிமலைக் குழம்பு குளிர்ந்து உறைந்த, கண்ணாடி போன்ற கறுப்புப் பாறை அது. தீவின் வடமேற்குக் கரையில் 'பாடும் மணல்' கடற்கரை இருக்கிறது. காய்ந்த மணலில் காலைத் தேய்த்து நடந்தால் கீச்... கீச்... என்று சத்தம் வரும். குவார்ட்ஸ் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசுவதால் வரும் சத்தம்.

கன்னா சுமார் 11 சதுர கிலோமீட்டர்தான். அதன் கிழக்கு முனையில் இருக்கும் குன்றுக்குப் பெயரே 'காம்பஸ் ஹில்'. பாறையில் இரும்புச் சத்து அதிகம் என்பதால், பக்கத்தில் போகும் கப்பல்களின் திசைகாட்டி முள் குழம்பிவிடும்.

மக் இன்னும் சின்னது. சுமார் 5.6 சதுர கிலோமீட்டர். உயரமான இடமே 137 மீட்டர்தான். 'முக்' என்றால் கேலிக் மொழியில் பன்றி. 'முக் மாரா', அதாவது கடல்பன்றி என்றால் திமிங்கிலம். 1773-ல் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் பாஸ்வெல்லும் இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தார்கள். அப்போது மக் தீவின் சொந்தக்காரருக்கு இந்தப் பெயரில் ஏக வெட்கம் என்று பாஸ்வெல் குறித்து வைத்திருக்கிறார். அந்த வழக்கப்படி நிலத்தின் பெயரைச் சொல்லித்தான் சொந்தக்காரரையும் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் 'மக்' என்றால் சாணிச் சகதி. 'ஹலோ சகதி'னு கூப்பிட்டா யாருக்குத்தான் பிடிக்கும்? 'மாங்க்', அதாவது துறவி என்று மாற்றிப் பார்த்தார். எடுபடவில்லை.

9,000 வருஷ அட்ரஸ்

ரம் தீவின் கின்லாக் பகுதியில் நடந்த அகழாய்வில், சுமார் 9,000 வருஷங்களுக்கு முந்தைய மனிதக் குடியிருப்பின் தடயம் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் மிகப் பழைய குடியிருப்புகளில் இதுவும் ஒன்று. ஏன் இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்தார்கள்? இங்கே ஒரு மலையில் 'பிளட்ஸ்டோன்' என்ற பச்சைக் கல் கிடைக்கிறது. உடைத்தால் கத்தி மாதிரி கூர்மையான விளிம்பு வரும். அந்தக் காலத்துக்கு அதுதான் ஹார்டுவேர் கடை.

பிறகு கிறிஸ்தவத் துறவிகள் வந்தார்கள். எக் தீவில் டோனன் என்ற துறவி மடம் அமைத்தார். 617-ல் அவரும் அவரோடு இருந்த சுமார் 50 துறவிகளும் கொல்லப்பட்டார்கள். மேய்ச்சல் நிலம் பறிபோனதில் கோபப்பட்ட ஒரு ராணி, பெண் வீரர்களை அனுப்பிக் கொன்றாள் என்று உள்ளூர்க் கதை சொல்கிறது. மதக் கதைக்குள்ளேயும் நிலத் தகராறு எட்டிப் பார்ப்பதை கவனிச்சீங்களா? இந்தத் தீவுகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து வைக்கிங்குகள். ஆஸ்கிவல், ஹாலிவல், ட்ரோல்வல் என்று ரம் மலைகளின் பெயர்கள் எல்லாம் அவர்கள் வைத்தவை. ட்ரோல்வல் என்றால் பூத மலை. அங்கே பூதமும் இல்லை, பேயும் இல்லை. மான்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள்தான் லட்சம் ஜோடிக்கு மேல் மலை உச்சியில் பொந்து தோண்டிக் கூடு வைக்கின்றன. உலகத்திலேயே பெரிய கூட்டங்களில் ஒன்று. பகலில் கடல், இருட்டினால்தான் கூடு. நடுராத்திரியில் பூமிக்கு அடியிலிருந்து ஆயிரக்கணக்கான குரல்கள் அலறினால், பாவம், வைக்கிங் மட்டும் என்ன நினைப்பான்? இந்தப் பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்க தென் அமெரிக்கக் கடல் வரை பறந்துபோய்த் திரும்புகின்றன.

குகைக்குள் ஓர் ஊர்

எக் தீவின் தெற்குக் கரையில் ஒரு குகை. வாசல் தவழ்ந்துபோகும் அளவுக்குத்தான் இருக்கும். உள்ளே போனால் பெரிய கூடம். அதன் பெயர் 'படுகொலைக் குகை'.

16-ம் நூற்றாண்டில் எக்கில் இருந்தவர்கள் மெக்டொனால்டு குலம். ஸ்கையில் மெக்லவுட் குலம். இரண்டுக்கும் ஜென்மப் பகை. எக் தீவுக்கு வந்த சில மெக்லவுட் ஆட்கள் பெண்களிடம் தவறாக நடந்ததாகவும், தீவுக்காரர்கள் அவர்களைக் கட்டிப் படகில் போட்டுக் கடலில் தள்ளிவிட்டதாகவும் கதை. 1577 வாக்கில் மெக்லவுட் படை பழிவாங்க வந்தது. தீவு முழுக்கக் குகைக்குள் ஒளிந்துகொண்டது. சில நாள் தேடியும் யாரும் கிடைக்காமல் படை கிளம்பியது. அப்போது, வெளியே எட்டிப் பார்க்க வந்த ஒருவரின் காலடித் தடம் பனியில் பதிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. வாசலில் தீ மூட்டிப் புகையை உள்ளே விட்டார்கள். இறந்தவர்கள் 395 பேர் என்கிறது பழைய குறிப்பு ஒன்று.

கதையில் எவ்வளவு சேர்க்கை, எவ்வளவு உண்மை என்று விவாதம் உண்டு. ஆனால், குகைக்குள் எலும்புகள் இருந்தது உண்மை. 1814-ல் இங்கே வந்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஒரு மண்டையோட்டை எடுத்துக்கொண்டே போனார். 2016-ல் பார்வையாளர்கள் கண்ணில் மேலும் சில எலும்புகள் பட்டன. கரிமச் சோதனையில் அவை 1430-க்கும் 1620-க்கும் இடைப்பட்டவை என்று தெரிந்தது.

கடற்பாசி, உருளைக்கிழங்கு, ஆடு

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி. 153 பேர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். 1795 வாக்கில் ரம்மில் மட்டும் 443 பேர். 1841 கணக்கெடுப்பில் எக்கில் 500-க்கும் மேல். அவ்வளவு பேரும் எங்கே போனாங்க?

முதல் காரணம் கடற்பாசி. பாசியை எரித்துக் கிடைக்கும் சாம்பலில் இருந்து சோடா உப்பு எடுப்பார்கள். கண்ணாடி, சோப் செய்ய அது வேணும். நெப்போலியன் போர்க் காலத்தில் வெளிநாட்டு இறக்குமதி தடைபட, பாசிச் சாம்பலுக்கு ஏக கிராக்கி. லாபம் நிலச் சொந்தக்காரர்களுக்கு, வேலை மட்டும் ஜனங்களுக்கு. ஆள் தேவைப்பட்டதால் துண்டு துண்டாக நிலம் கொடுத்து இருக்கவைத்தார்கள். சின்னத் துண்டு நிலத்திலும் வயிறு நிறைய வைக்கும் பயிர் உருளைக்கிழங்கு. மக்கள்தொகை ஏறியது.

1815-ல் போர் முடிந்தது. மலிவான சரக்கு திரும்பி வந்தது. பாசி விலை விழுந்தது. நேற்றுவரை 'தேவையான ஆட்களாக' இருந்தவர்கள், இப்போது வாடகை பாக்கி வைத்திருக்கும் பாரமாகிவிட்டார்கள். அதே நேரத்தில் ஆட்டு ரோமத்துக்கும் இறைச்சிக்கும் நல்ல விலை. சொந்தக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 400 குடியானவர்களைவிட ஒரே ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர் அதிக குத்தகை தருவார்.

1826 ஜூலையில் ரம் தீவில் இருந்து சுமார் 300 பேர் இரண்டு கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். போன இடம் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் கேப் பிரெட்டன். கப்பல் செலவைச் சொந்தக்காரரே கொடுத்தார். 'எப்படியாவது போங்க' என்பதுதான் அதன் அர்த்தம். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலானவர்களும் அடுத்த ஓரிரு வருஷங்களில் கிளம்பினார்கள். மக் தீவில் இருந்தும் சுமார் 150 பேர். சுமார் 8,000 ஆடுகள் ரம்மில் இறக்கப்பட்டன. சில வருஷங்களிலேயே ஆட்டு விலை சரிந்து அந்தக் குத்தகைக்காரரும் நொடித்துப்போனார். ஆடுகளை மேய்க்கவே ஆள் இல்லாமல் வெளியில் இருந்து குடும்பங்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது இதில் கொடுமையான காமெடி.

எக் தீவிலும் இதே கதை 1853-ல் நடந்தது. அன் ஸ்கூர் பாறையின் அடியில் இருந்த க்ரூலின் கிராமத்தின் 14 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கூரை இல்லாத கற்சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. க்ரூலின் பெயரை ஞாபகத்தில் வைச்சுக்கங்க. திரும்ப வரும்.

படகில் குடியிருந்த போதகர்

சாதாரண ஜனங்களுக்கு மட்டும்தான் இந்த நிலைமை என்று நினைக்காதீங்க. பாரிஷ் போதகருக்கே நிற்க இடம் இல்லாமல் போன சம்பவம் இருக்கு.

1843-ல் ஸ்காட்லாந்து திருச்சபை இரண்டாக உடைந்தது. போதகரை நியமிக்கும் அதிகாரம் நிலச் சொந்தக்காரர்கள் கையில் இருக்கக் கூடாது என்று சொல்லி நானூற்றுச் சொச்சம் போதகர்கள் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு 'ஃப்ரீ சர்ச்' தொடங்கினார்கள். ஸ்மால் ஐல்ஸ் போதகர் ஜான் ஸ்வான்சனும் அதில் ஒருவர். எக் தீவில் புது வீடு கட்ட இடம் கேட்டார். தீவின் சொந்தக்காரர் தரவில்லை. தீவே அவருடையது. வேறு யாரிடம் போய்க் கேட்பது?

ஸ்வான்சன் யோசித்தார். தீவுதானே உங்களோடது... கடல் இல்லையே! 'பெட்ஸி' என்ற சின்னப் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டார். குடும்பத்தை ஸ்கை தீவில் வைத்துவிட்டு, படகில் தங்கி, தீவு தீவாகப் போய் ஊழியம் செய்தார். 1844-ல் அவருடைய பால்ய நண்பரும் புவியியல் ஆய்வாளருமான ஹியூ மில்லர் அந்தப் படகில் கூடவே வந்தார். எக் கடற்கரையில் பல கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் ஊர்வனவற்றின் புதைபடிவங்களைக் கண்டுபிடித்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியது பிறகு 'தி க்ரூஸ் ஆஃப் தி பெட்ஸி' என்ற புத்தகமாக வந்தது. ஆள் இல்லாத ரம் தீவின் இடிந்த குடிசைகளையும் அதில் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு பணக்காரரின் பொம்மை

ஜனம் போனது, ஆடு நொடித்தது, அடுத்து வந்தது மான் வேட்டை. 1888-ல் லங்காஷயர் ஆலை அதிபர் ஜான் புல்லோ ரம் தீவை வாங்கினார். பஞ்சாலை இயந்திரங்கள் செய்து விற்ற குடும்பம். மகன் ஜார்ஜ் புல்லோ 1897-ல் இங்கே கின்லாக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். சிவப்புக் கல் கப்பலில் வந்தது. ஓடையில் அணை கட்டி மின்சாரம். தானாக வாத்தியக் குழு மாதிரி வாசிக்கும் ராட்சத இயந்திரம் ஒன்று. கண்ணாடி வீட்டில் ஆமைகளும் முதலைகளும்கூட வளர்த்ததாகச் சொல்கிறார்கள். சாராயத்தின் பெயர் மாதிரி இருக்கக் கூடாதென்று தீவின் ஆங்கில எழுத்தில் ஒரு 'ஹெச்' சேர்த்ததும் இவர்தான்.

அனுமதி இல்லாமல் யாரும் கரை இறங்க முடியாது என்பதால் 'தடை செய்யப்பட்ட தீவு' என்றே பெயர் வாங்கியது ரம். 1957-ல் குடும்பம் அதை அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு விற்றது. அதன்பிறகு அது தேசிய இயற்கைக் காப்பகம். இங்கே சிவப்பு மான்கள் மீது 1950-களில் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. பிரிட்டனில் அழிந்துபோயிருந்த வெண்வால் கடற்கழுகை, நார்வேயில் இருந்து 82 குஞ்சுகளாகக் கொண்டுவந்து 1975 முதல் 1985 வரை இங்கேதான் பறக்கவிட்டார்கள். இன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை முழுக்க அந்தக் கழுகுகளைப் பார்க்கலாம்.

'தீவு விற்பனைக்கு' என்றபோது...

எக் தீவு 20-ம் நூற்றாண்டிலும் கை மாறிக்கொண்டே இருந்தது. தீவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டுக்குச் சரியான குத்தகைப் பத்திரம்கூடக் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, அரசு மானியம் இல்லை. கூரை ஒழுகினால்கூடச் சரிசெய்ய யோசிப்பார்கள். நாளைக்கே காலி பண்ணுன்னு சொன்னா என்ன செய்யறது?

1994-ல் அப்போதைய உரிமையாளரின் பழங்கால ரோல்ஸ் ராய்ஸ் கார், படகுத்துறைக் கொட்டகையோடு எரிந்துபோனது. 1995-ல் தீவு ஒரு ஜெர்மானிய ஓவியரின் கைக்குப் போனது. அடுத்த வருஷமே மறுபடி விற்பனைக்கு வந்தது. இந்த முறை தீவுக்காரர்கள் முடிவெடுத்தார்கள். நாமே வாங்கினால் என்ன?

அப்போது தீவில் இருந்தது சுமார் 65 பேர். யாரிடமும் பெரிய பணம் இல்லை. தீவுவாசிகள், ஹைலேண்ட் கவுன்சில், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளை மூன்று தரப்பும் சேர்ந்து 'ஐல் ஆஃப் எக் ஹெரிட்டேஜ் ட்ரஸ்ட்' என்ற அமைப்பை நடத்தினார்கள். உலகம் முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நன்கொடைகள் வந்தன. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி மட்டும் 10 லட்சம் பவுண்டுக்கு நெருக்கமாகக் கொடுத்தார். அவர் யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. 15 லட்சம் பவுண்டுக்குத் தீவு கிரையமானது. 1997 ஜூன் 12 அன்று எக் அதன் மக்கள் கைக்கு வந்தது. ஒவ்வொரு ஜூனிலும் 'கெய்லி' என்ற விடியவிடிய ஆட்டம் பாட்டத்தோடு அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

இந்த வெற்றி மற்ற ஊர்களுக்கும் தைரியம் கொடுத்தது. 2003-ல் ஸ்காட்லாந்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. கிராமப்புற நிலம் விற்பனைக்கு வந்தால், முன்கூட்டியே பதிவு செய்த உள்ளூர் சமூகத்துக்கு அதை முதலில் வாங்கும் உரிமை கிடைத்தது.

5 கிலோவாட் கணக்கு

சொந்தமானதும் தீவுக்காரர்கள் செய்த பெரிய வேலை மின்சாரம். அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். பிரிட்டனின் மின்கட்டமைப்போடு எக் இணைக்கப்படவே இல்லை, இன்றுவரை. 2008 பிப்ரவரியில் 'எக் எலெக்ட்ரிக்' தொடங்கியது. ஓடை நீர், காற்று, சூரியன் மூன்றும் சேர்ந்து 24 மணி நேர மின்சாரம். மூன்றும் ஒரே நேரத்தில் காலை வாரினால்தான் டீசல். ஆண்டு மின்சாரத்தில் சுமார் 90 சதவிகிதம் இயற்கையில் இருந்தே வருகிறது.

காற்றாலைகள் எங்கே நிற்கின்றன தெரியுமா? 1853-ல் காலி செய்யப்பட்ட அதே க்ரூலின் பக்கம்.

ஒரே ஒரு கண்டிஷன். ஒரு வீடு ஒரு நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடைகளுக்கும் தொழில்களுக்கும் 10. நம்ம வீட்டுக் கணக்கில் சொன்னா, கீசர் 2, இண்டக்‌ஷன் அடுப்பு 2, ஏசி ஒன்றரை. மூன்றையும் சேர்த்துப் போட்டால் லிமிட் தாண்டிடும், கரன்ட் கட். பராமரிப்பு ஆள் வந்துதான் மறுபடி ஆன் செய்யணும். அதற்குக் கட்டணமும் உண்டு. அதனால் வாஷிங் மெஷின் ஓடும்போது கெட்டில் போடலாமா என்று எல்லோருக்கும் மனக்கணக்கு வந்துவிட்டது. மழையும் காற்றும் அதிகமாகி மின்சாரம் மிஞ்சினால், சமுதாயக் கூடம், கோயில் போன்ற பொதுக் கட்டடங்களின் ஹீட்டர்களுக்குப் போகும்.

65-ல் இருந்த மக்கள்தொகை இப்போது நூறை ஒட்டி இருக்கிறது. வேலைக்காக வெளியே போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

நாலு தீவு, நாலு வழி

சுவாரஸ்யம் என்னவென்றால், பாரிஷ் ஒன்றானாலும் நாலு தீவுக்கும் நாலு விதமான உரிமையாளர்கள். எக் மக்களுடையது. மக் தீவு 1896-ல் இருந்து ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. அவர்களே அங்கே தங்கி விவசாயம் பார்க்கிறார்கள். 2013-ல்தான் மக்கில் 24 மணி நேர மின்சாரம் வந்தது.

கன்னாவை 1938-ல் வாங்கியவர் ஜான் லார்ன் கேம்ப்பெல் என்ற கேலிக் அறிஞர். அவரும், அமெரிக்காவில் இருந்து வந்த இசைக் கலைஞரான மனைவி மார்கரெட் ஃபே ஷாவும் அழிந்துகொண்டிருந்த கேலிக் பாடல்களையும் கதைகளையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார்கள். 1981-ல் தீவையும் அந்தச் சேகரிப்பையும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார்கள். கடற்பறவைகளைத் தின்ற எலிகளை ஒழிக்க 2005-ல் இங்கே ஓர் ஆபரேஷன் நடந்தது. இந்தத் தீவுக்கே உரிய காட்டுச் சுண்டெலிகள் அதில் அழிந்துவிடக் கூடாதென்று சுமார் 150 சுண்டெலிகளைப் பிடித்து உயிரியல் பூங்காக்களில் வைத்துக் காப்பாற்றி, பிறகு கொண்டுவந்து விட்டார்கள்.

கன்னாவின் கடைக்கு ஆள் கிடையாது, பூட்டும் கிடையாது. எடுத்ததை நோட்டில் எழுதிவிட்டுப் பணத்தை வைத்துவிட்டுப் போகணும். 2015-ல் அங்கே சாக்லேட், பிஸ்கட், பேட்டரி, கையால் பின்னிய ஆறு கம்பளித் தொப்பிகள் திருடுபோயின. 1960-களுக்குப் பிறகு தீவில் நடந்த முதல் திருட்டு என்பதால் உலகச் செய்தியானது.

ரம்மின் கின்லாக் கிராமத்து நிலம் 2009, 2010-ல் உள்ளூர் சமூக அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது. மற்றதெல்லாம் இன்னும் இயற்கைக் காப்பகம்தான். அங்கே இப்போதைய கவலை ஆள் பற்றாக்குறை. குழந்தைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் மூடப்படும். பள்ளிக்கூடம் மூடினால் குடும்பங்கள் வராது. 2020-ல் நாலு புது வீடுகள் கட்டி, குடும்பங்கள் வேணும்னு அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்தன. 1826-ல் 300 பேரைக் கப்பல் ஏற்றிவிட்ட அதே தீவுதான்.

போகணும்னா?

பிரிட்டன் விசா கையில் இருந்தால், கிளாஸ்கோவில் இருந்து மல்லெய்க் துறைமுகத்துக்கு ரயில். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஹாரி பாட்டர் படத்தில் ரயில் போகுமே ஒரு வளைந்த பாலம்... அந்த க்ளென்ஃபின்னன் பாலம் வழியாகத்தான் போவீங்க. ஜன்னல் சீட்டை விட்டுடாதீங்க. மல்லெய்க்கில் இருந்து 'லாக்நெவிஸ்' என்ற படகு நாலு தீவுகளுக்கும் போகிறது. தினமும் எல்லாத் தீவுக்கும் போகாது. அதனால் அட்டவணையைப் பார்த்துத்தான் பிளான் போடணும். காற்று பலமானால் சேவை ரத்து. ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைச்சுக்கங்க.

காரைக் கொண்டுபோக முடியாது. உள்ளூர் ஆட்களுக்கு மட்டும்தான் அனுமதி. நடை அல்லது சைக்கிள்தான். மே முதல் செப்டம்பர் வரை 'மிட்ஜ்' என்ற பொடிக் கொசு படை எடுக்கும், முகவலை அவசியம். ரம் மலைகளில் வெயிலும் மழையும் அரை மணி நேரத்தில் மாறும், மழைக்கோட்டு இல்லாமல் ஏறாதீங்க. படுகொலைக் குகைக்குப் போனால் எதையும் எடுக்காதீங்க. அது ஒரு கல்லறை.

படகு எக்கில் நிற்கும்போது கரையில் ஒரு கடையும் டீக்கடையும் கண்ணில் படும். டீ குடித்துவிட்டு க்ரூலின் பாதையில் நடந்தால் முதலில் காற்றாலைகள் தெரியும். அதைத் தாண்டினால் அந்தக் கூரையில்லாத வீடுகள்.